இசைஞர்க்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டைப் பயில்வார் அறிந்ததொன்று, அப்பத்தனுள் ஐந்து ஆற்றுப்படைகள் என்பது. திருமுருகாற்றுப்படை ஒன்று நீங்க, ஏனைய நான்கும் ஒரே முறையில் அமைந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை நோக்கி, இன்ன வழியே செல்க, இன்ன வள்ளலைக் காண்க, இன்ன பரிசில் பெறுக என்று கூறி வழிப்படுத்துகின்றான். தான் பெற்றதைப் பிறரும் பெறவேண்டும் என்னும் அவ்வுள்ளம் தமிழரின் பழைய நாகரிகத்துக்குத் தக்க சான்றாகும்.

ஆயினும் அந்நூல்களைக் கற்குங்காலத்து நம் வகுப்பில் ஓர் ஐயம் எழுந்தது. பொருநராற்றுப்படையைப் பாடியவர் முடத்தாமக்கண்ணியார். பாட்டுடைத் தலைவன் கரிகாற் பெருவளத்தான். சிறுபாணாற்றுப்படை நத்தத்தனார் பாடியது, தலைவன் நல்லியக்கோடன். பெரும்பாணாற்றுப்படை உருத்திரங்கண்ணனார் பாடியது. தலைவன் தொண்டைமான் இளந்திரையன். மலைபடுகடாம் பெருங்கௌசிகனார் பாடியது, தலைவன் நன்னன். பாடிய புலவர் பெயரை அறிவோம். கொடுத்த தலைவன் பெயரையும் அறிவோம். யாழைத் தோளிற் சுமந்து சுற்றத்தோடு வழிநடந்த அப்பாணன் பெயர் யாது? அப்பொருநன் பெயர் யாது? விடைகூறுவார் ஒருவரும் இலர். நூல் முழுதும் அவனைப் பற்றியதாயிருந்தும், அவன் பெயர் மட்டும் ஏட்டில் ஏறவில்லை.

இக்குறை பழங்காலத்தோடு ஒழிந்ததென்று நாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறென்பதைச் சென்ற சித்திரைத் திங்களில் கண்கூடாகக் கண்டோம்.

விடுமுறைக் காலத்தில் நாம் மூவர் தோவாளைப் பக்கத்து ஊர் ஒன்றன் கொடைவிழாவுக்குச் சென்றிருந்தோம். கொடை நம் சமயத்தார் விழா அன்று. எனினும் வில்லுப்பாட்டு நாஞ்சில் நாட்டார் அனைவர்க்கும் பொதுவான செல்வம். தமிழ் பயில்வார்க்கு அது பாடமும் ஆகும். இரவு முழுதும் கதை நிகழ்ந்தது. புலவர் நடுவே அமர்ந்து வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாட, வலம் பாடுவாரும் இடம் பாடுவாரும் அதனை ஏற்றுப் பாட, உடுக்கையும் தாளமும் கட்டையும் குடமும் ஒருங்கு முழங்கின. விடியற்காலையில் தேநீர்க்கடை ஒன்றில் அக்குழுவினரோடு நாமும் அமர்ந்தோம். கடைக்காரர் தம் கைப்பேசியில் ஏதோ ஒரு வில்லுப்பாட்டைப் போட்டார். குடம் அடிக்கும் முதியவர் சற்றுச் செவிசாய்த்துக் கேட்டு, மெல்ல நகைத்து, “இதுல குடம் அடிச்சது நாந்தான் மக்களே” என்றார்.

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒலிநாடாவாக வெளிவந்த பதிவு அது. வெளியிட்டவர் புலவர் கையில் ஒரு தொகையைக் கொடுத்தனராம். புலவர் அதனை எல்லார்க்கும் பகிர்ந்தளித்தனராம். அதனோடு கணக்குத் தீர்ந்தது. எழுத்தில் யாதும் இல்லை. ஒலிநாடா பின்னர்க் குறுந்தகடாயிற்று. குறுந்தகடு இப்பொழுது யூடியூபில் ஏறி விளம்பரங்களோடு உலவுகின்றது. உறையிற் காண்பது புலவர் பெயர் ஒன்றே. “உங்க பேரு எதுலயும் இல்லியே பாட்டா?” என்று வினவினோம். அவர், “பேரு எதுக்கு மக்களே? கொடத்துச் சத்தம் கேக்குல்லா?” என்று கூறித் தேநீரைப் பருகலாயினர்.

அவர் மொழி நம்மை நாணச் செய்தது. ஏனெனில் முந்தின இரவு நாமும் அந்நிகழ்ச்சியைக் கைப்பேசியிற் பதிந்து, அங்கிருந்தபடியே நண்பர்க்கெல்லாம் அனுப்பியிருந்தோம். அதற்கு நாம் இட்ட தலைப்பில் ஊர்ப்பெயர் இருந்தது, கதைப்பெயர் இருந்தது, பாடினார் பெயர் ஒன்றேனும் இருந்ததில்லை. ஒலிநாடா வெளியிட்டவர் ஒருவரையே குறைகூறுதற்கு நமக்குத் தகுதி இல்லை என்பதை உணர்ந்தோம். இக்கட்டுரை அவ்வுணர்ச்சியினின்றும் பிறந்தது. நாம் ஈண்டு நாட்ட விழைவது ஒன்றே: பதிவில் பாடியவர்க்கும் வாசித்தவர்க்கும் சட்டம் பங்கு வகுத்துவிட்டது; அப்பங்கு அவர் கைக்கு வாராமைக்குப் பெருங்காரணம் பெயர் எழுதப்படாமை; அதனை எழுதும் கடமை எழுத்தறிந்த நம்மேல் இருக்கின்றது.

முதற்கண் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். ஓர் ஒலிப்பதிவில் மூவேறு உரிமைகள் அடங்கியுள்ளன. பாட்டை எழுதியவர்க்கும் மெட்டமைத்தவர்க்கும் உரியது ஒன்று. பணமிட்டுப் பதிவைச் செய்வித்தவர்க்கு உரியது மற்றொன்று. குரலாலும் கருவியாலும் அதனை நிகழ்த்திக் காட்டியவர்க்கு உரியது மூன்றாவது. முதலாவதன் பொருட்டு 1969ஆம் ஆண்டில் தோன்றியது இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி. அதன் பெயரைக் கண்டு, அது பாடுவோர் சங்கம் என்று மயங்குதல் கூடாது. அது பாடலாசிரியர், இசையமைப்பாளர், வெளியீட்டாளர் ஆகியோர் சங்கம். இரண்டாவதன் பொருட்டு இசைத்தட்டு நிறுவனங்கள் 1941ஆம் ஆண்டிலேயே ஃபோனோகிராஃபிக் பெர்ஃபார்மென்ஸ் லிமிடெட் என்னும் அமைப்பை நிறுவிக்கொண்டன. 2017ஆம் ஆண்டில் இசையமைப்பாளர் இளையராஜா, தம் பாடல்களை மேடையிற் பாடுதற்கு இசைவு பெறவேண்டும் என்று பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு அறிவிப்பு விடுத்தபோது, பாடியவர்க்கு அப்பாட்டில் உரிமை இல்லையா என்று நாடே வியந்தது. அவ்வழக்கு முதலாம் உரிமையைப் பற்றியது. நாம் ஈண்டுப் பேசுவது மூன்றாவது உரிமையை. அதனைச் சட்டம் நிகழ்த்துநர் உரிமை என்கின்றது. அதன்வழி வரும் பங்கை உலகோர் ராயல்டி என்பர்.

நாஞ்சில் நாட்டு இசைஞர்க்கு இம்மூன்றாவதன் அருமை மற்றையோர்க்கு உள்ளதினும் மிகுதி. எங்ஙனமெனின், சினிமாப் பாட்டுக்கு எழுதியவர் உண்டு, மெட்டமைத்தவர் உண்டு. சுடலைமாடன் கதையையும் முத்துப்பட்டன் கதையையும் முதன்முதற் பாடியவர் யாவர்? தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்த பழங்கதைக்கு ஆசிரியன் உரிமை கொண்டாட ஒருவரும் இலர். ஆசிரியன் உரிமை அவன் வாழ்நாளும் அதற்குமேல் அறுபது ஆண்டும் நிற்பது. இக்கதைகளோ அவ்வெல்லையைக் கடந்து நெடுங்காலம் ஆயிற்று. எனவே முதலாம் உரிமையின் வழியே வில்லுப்பாட்டுக்காரர்க்கு வருவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. இரண்டாம் உரிமை வெளியிட்டவரைச் சார்ந்தது. எஞ்சி நிற்பது நிகழ்த்துநர் உரிமை ஒன்றே. அதனையும் இழப்பாராயின், ஊர் ஊராய் ஒலிக்கும் தம் குரலில் அவர்க்கு அணுவளவும் பங்கில்லை என்றாகும்.

இவ்வுரிமை நம் நாட்டில் எளிதிற் பிறந்ததன்று. இசைத்தட்டுத் தொழில் இந்தியாவிற் புகுந்து, கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையாரின் குரல் 1902ஆம் ஆண்டிற் பதியப்பட்டது. அந்நாள் தொட்டுப் பாடுவோர்க்குப் பெரும்பாலும் ஒரு முறை கொடுக்கும் தொகையே வழக்காயிற்று. இங்கிலாந்தில் 1930களில் பிரிஸ்டல் நகரத்துத் தேநீர்க்கடை ஒன்றில் இசைத்தட்டுப் போட்டதைக் குறித்து வழக்கு மூண்டது. அதில் வென்றவரும் பாடினார் அல்லர், தட்டுச் செய்த நிறுவனத்தாரே. தேநீர்க்கடைக்கும் இசைஞர்க்கும் உள்ள இவ்வழக்கு நாஞ்சில் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்.

சுதந்தர இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் முதலில் நிகழ்த்துநர்க்கு இடமில்லை. 1977ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தில் இசையமைப்பாளர்க்கும் படமுதலாளிகட்கும் இடையே நடந்த வழக்கில், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பு எழுதினார். பாட்டுக்கு உயிரளிக்கும் பாடகரைச் சட்டம் கைவிட்டதைச் சுட்டி, பாராளுமன்றம் அதனைக் கருதவேண்டும் என்றார். அதன்பின், நடிகர் தேவ் ஆனந்த் தொடர்புற்ற வழக்கில், நடிப்பைத் தனி உரிமையாக அச்சட்டம் காப்பதில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நிகழ்த்துநர் உரிமை என்னும் பெயர் சட்டத்தில் ஏறி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அன்று வகுத்த இருபத்தைந்து ஆண்டுக் காலம் 1999ஆம் ஆண்டில் ஐம்பதாக நீண்டது. பின்னர், 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவ்வுரிமையை விரித்தது. படத்திற் பாட எழுத்தில் இசைந்துவிட்டாலும், அந்நிகழ்த்துகை வாணிகத்துக்குப் பயன்படும்போது பாடினார்க்கு ராயல்டி உண்டு என்று அது கூறிற்று. தம்மை நிகழ்த்துநர் என்று பெயர்சுட்டி அறியச்செய்யும் உரிமையையும், தம் புகழ் கெடுமாறு பதிவைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் தனியே வகுத்தது. வெளிநாட்டு இசைஞரோடு சமநிலை அளிக்கும் 1996ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையிலும் இந்தியா 2018இற் சேர்ந்தது.

சட்டம் நிகழ்த்துநர் யாவர் என்று கூறுமிடம் படிப்பார்க்கு இன்பம் தருவது. நடிகர், பாடகர், இசைஞர், ஆடுவோர் என்று தொடங்கி, கழைக்கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் வரை அப்பட்டியல் செல்கின்றது. பாம்பாட்டிக்கு இடமளித்த சட்டம் குடம் அடிப்பார்க்கு இடமளியாது என்று ஒருவரும் கூறார். ஆனால் அவ்விடத்திலேயே 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விலக்கையும் வைத்தது. திரைப்படத்தில் தற்செயலாய் வந்துபோகும் பங்கை உடையராய், தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியல் உள்ளிட்ட எவ்விடத்தும் குறிக்கப்படாதவர், நிகழ்த்துநராகக் கொள்ளப்படார். அவர்க்கு எஞ்சுவது சிதைவைத் தடுக்கும் உரிமை ஒன்றே. பெயர் எழுதப்படாமை வெறும் மரியாதைக் குறைவன்று, உரிமையையே இழப்பிக்கவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

பெயரின்பொருட்டு வழக்காடி வென்றாரும் உளர். பாடகி நேஹா பாசின், தாம் பாடிய பாட்டில் தம்மைத் துணைக்குரலாக மட்டும் குறித்துவிட்டனர் என்று டெல்லி உயர்நீதிமன்றத்தை அடுத்தார். 2006ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவையோர் முன்னிலையில் நிகழினும் பதிவறையில் நிகழினும், முதற்கண் நிகழ்த்துவது யாவும் நேரடி நிகழ்த்துகையே என்று அது கூறிய முடிபு, பதிவறையிற் பாடுவார் அனைவர்க்கும் அரணாயிற்று.

இனி ஆற்றுப்படுத்துவாம். வள்ளலின் அரண்மனை இருந்த இடத்தில் இன்று நிற்பது ஒரு சங்கம். லதா மங்கேஷ்கர், எஸ். பி. பாலசுப்பிரமணியம் முதலிய பாடகர் முன்னின்று தோற்றுவித்த இந்தியப் பாடகர் உரிமைச் சங்கத்தை மத்திய அரசு 2013 ஜூன் 14 அன்று பதிப்புரிமைச் சங்கமாகப் பதிந்தது. அது பின்னர் வாத்தியம் வாசிப்போரையும் தன்னுள் அடக்கி, இந்தியப் பாடகர் இசைஞர் உரிமைச் சங்கம் என்று பெயர் விரிந்தது; இஸாம்ரா என்பது அதன் சுருக்கப்பெயர். 2023ஆம் ஆண்டில் இசை நிறுவனங்களின் கூட்டமைப்போடு ராயல்டி குறித்து அச்சங்கம் ஓர் உடன்பாடும் செய்துகொண்டது.

உரிமை பிறப்பதற்குப் பதிவு வேண்டா. பாடிய அக்கணமே அது பிறந்துவிடும். அதன் பயனைப் பெறுதற்கே பதிவு வேண்டும். ஒலிபரப்பு நிலையமோ உணவு விடுதியோ செலுத்தும் கட்டணம் சங்கத்தில் வந்து குவியும்போது, எந்தப் பதிவு எத்தனை முறை ஒலித்தது, அப்பதிவில் யார் யார் இருந்தனர் என்னும் இரு கணக்குகளையும் ஒத்துப் பார்த்தே பங்கிடுதல் இயலும். முன்னைய கணக்கைப் பயன்படுத்துவோர் தருவர். பின்னையதை இசைஞரே தரவேண்டும். அதற்கு வேண்டுவன சிலவே. இசைஞர் உறுப்பினராகச் சேர்ந்து, தம் இயற்பெயர், மேடைப்பெயர், அடையாளச் சான்று, வங்கிக்கணக்கு, தமக்குப்பின் பெறுதற்குரியார் பெயர் ஆகியவற்றை அளித்தல் ஒன்று. தாம் பங்குகொண்ட பதிவு ஒவ்வொன்றுக்கும் பாட்டின் பெயர், தொகுப்பின் பெயர், வெளியிட்டவர், ஆண்டு, தாம் செய்தது முதன்மைப் பாட்டா துணைப்பாட்டா எக்கருவி என்பன குறித்துப் பட்டியலிடுதல் மற்றொன்று. ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக்குறி ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே உண்டு. அதனை வெளியிட்டவரிடம் கேட்டுச் சேர்ப்பராயின், ஒரே பெயர் கொண்ட பத்துப் பாட்டுக்களிடையே தம்முடையது மயங்காது. இவற்றோடு உறையோ, பெயர்ப்பட்டியலோ, உடன்படிக்கையோ சான்றாக வேண்டும். நம் குடக்காரர் வழி இவ்விடத்தேதான் அடைபடுகின்றது. அவர் வாசித்தார் என்பதற்கு அவர் கைகளே அன்றி வேறு சான்றில்லை.

பிற நாட்டார் இதனை எங்ஙனம் செய்கின்றனர் என்பதையும் நோக்குவாம். இங்கிலாந்தில் பி.பி.எல். என்னும் அமைப்பு ஒவ்வொரு பதிவிலும் முன்னிற்போர், உடன் வாசித்தோர் என்னும் இருதிறத்தாரையும் பெயரோடு பதிந்து பங்களிக்கின்றது. அமெரிக்காவில் இணைய வானொலி முதலியவற்றால் வரும் பணத்தைப் பகிரும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச், நூற்றுக்கு 50 பங்கைப் பதிவின் உடைமையாளர்க்கும், 45 பங்கை முன்னிற்கும் கலைஞர்க்கும், 5 பங்கை உடன் பாடி வாசித்தோர்க்கென அமைந்த நிதிக்கும் ஒதுக்குகின்றது. அவ்வைந்து பங்கு சிறிதே. ஆயினும் பின்வரிசையில் இருப்பாரையும் சட்டம் நினைந்தது என்பதற்கு அது அடையாளம். பல நாட்டுச் சங்கங்களும் ஓர் இசைஞரை மற்றொருவரோடு மயங்காதிருக்கும்பொருட்டு உலகுக்குப் பொதுவான ஓர் எண்ணையும் அவர்க்கு அளிக்கின்றன. நாஞ்சில் நாட்டு மக்கள் வளைகுடா நாடுகளிலும் பிற கண்டங்களிலும் வாழ்ந்து நம்மூர்ப் பாட்டை ஆங்கே கேட்கும் இக்காலத்தில், இவ்வேற்பாடுகள் நமக்குத் தொலைவானவை அல்ல.

இதற்கு மாறாகக் கூறப்படுவனவற்றையும் நேர்மையோடு ஆராய்தல் வேண்டும். கூலி பெற்றுப் பாடியபின் மீண்டும் பங்கு கேட்பது முறையா என்பர் ஒருசாரார். இவ்வினா புதிதன்று. 1960களில் லதா மங்கேஷ்கர் பாடகர்க்கு ராயல்டி வேண்டும் என்றபோது, முகமது ரஃபி, பாடியதற்குப் பணம் பெற்ற அளவில் கணக்குத் தீர்ந்தது என்றார்; அதன்பொருட்டு அவ்விருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடாதிருந்தனர். ரஃபியின் கொள்கையில் ஒரு பெருந்தன்மை உண்டென்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் ஓரிரவுப் பாட்டுக்குப் பெறும் கூலி அவ்விரவுக்கே உரியது. ஒரு முறை பாடியது பதினாயிரம் முறை விற்கப்படுமாயின், விற்பார் ஒவ்வொரு முறையும் பெறுவதும், பாடினார் ஒரே முறை பெறுவதும் ஒத்த நீதியாகா.

தெய்வத்தின்பொருட்டுப் பாடுவதற்கு விலை பேசலாமா என்பர் மற்றொருசாரார். கொடையிற் பாடுவாரும் இதனைக் கூறுவர். நம் திருச்சபைகளிற் பாடுவாரும் கூறுவர். வழிபாட்டில் பாடியதற்கு விலை கேட்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. வழிபாட்டுக்கு வெளியே அப்பாட்டைப் பதிந்து ஒருவர் வாணிகம் செய்வாராயின், அவ்வாணிகத்தில் தெய்வத்தின் பெயரால் விட்டுக்கொடுப்பவர் பாடினவர் மட்டும் ஆதல் ஏன்? வயல் அறுத்தவரின் கூலியைப் பிடித்துவைப்பதை யாக்கோபின் நிருபம் எத்துணைக் கடிந்துரைக்கின்றது என்பதைத் திருச்சபையில் வளர்ந்த நாம் அறிவோம். கொடுக்கவேண்டியதைக் கொடுத்தபின் பெற்றவர் அதனைக் காணிக்கையாக்கின், அது அவர் விருப்பம். பெறாததை ஒருவர் காணிக்கையாக்குதல் இயலாது.

கிடைப்பது சிறு தொகையே, அதற்கு இத்துணை எழுத்துவேலையா என்பது மூன்றாவது தடை. சிறு தொகையாதல் உண்மையே. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியத்திற் பதிந்தாற் போதாதா என்றும் சிலர் வினவுவர். அவ்வாரியத்திற் பதிதல் நன்றே. ஆனால் ஆண்டுக் கிடைப்பது உதவி. நாம் கூறுவது ஊதியம். உதவி கொடுப்பார் உள்ளத்தைப் பொறுத்தது. ஊதியம் உழைத்தார் உரிமையைப் பொறுத்தது. மேலும் நிகழ்த்துநர் உரிமை ஐம்பது ஆண்டு நிற்பது. நாம் கண்ட முதியவர் பதிவுக்கு அவ்வெல்லையிற் பாதியே கழிந்துள்ளது. எஞ்சிய பாதி அவர் பேரப்பிள்ளைகளின் காலம். இன்று எழுதாத பெயரை அன்று தேடுவார் எங்கே காண்பர்?

வானொலி கேட்டு வளர்ந்த பழைய மாணவர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984ஆம் ஆண்டில் நாகர்கோவிலிலேயே தொடங்கப்பெற்றது. வானொலிக் கச்சேரிக்குப்பின், பாடியவர் இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று அறிவிப்பாளர் சொல்லுவது வழக்கம். அச்சில கணநேரத்து அறிவிப்பில் எத்துணை நீதி அடங்கியிருந்தது என்பதை இப்போது எண்ணுகின்றோம். இன்று பதிவுக்கருவி ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. அறிவிப்பாளர் இல்லை. எனவே பதிவோர் ஒவ்வொருவரும் அறிவிப்பாளராதல் வேண்டும்.

ஒழுகினசேரியிற் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இம்மண்ணின் வில்லுப்பாட்டை நாடறிய மேடையேற்றினார் என்று பெருமை பேசுகின்றோம், அப்பெருமை தக்கதே. அவர்போற் புகழ்பெற்றார்க்கு நம் உதவி வேண்டா. அவர்க்குப் பின்னே அமர்ந்து உடுக்கையும் குடமும் தாளமும் ஒலித்தாரை எத்துணைப்பேர் பெயர்சொல்லி அறிவோம்?

ஆதலின் கலாசாலைத் தோழர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், பழைய மாணவர்க்கும் சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். தமிழ்த்துறையில் ஒரு குறிப்பேடு திறக்கப்படுக. நாட்டார் பாடல் தேடிச் செல்லும் மாணாக்கர், இடம், நாள், கதை, குழுவினர் ஒவ்வொருவரின் பெயர், அவர் கொண்ட கருவி, பதிந்தவர் யார், என்ன இசைவின்மேல் என்பனவற்றை அவர்தம் சம்மதத்தோடு அதில் எழுதுக. அதன் படியொன்றைக் குழுவினரிடமே கொடுக்க. கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே பதிவு செய்வதைச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை. அச்சலுகையைப் பெறும் நாம் கைம்மாறாக இதனையேனும் செய்தல் தகும். நம் கலாசாலைப் பாடகர் குழு கிறிஸ்துமஸ் காலத்திற் பதிந்து வெளியிடும் பாட்டுக்களிலும், ஆர்கன் வாசிப்பவர் முதல் கடைசி வரிசையிற் பாடும் முதலாண்டு மாணவர் வரை எல்லார் பெயரும் இடம்பெறுக. பழைய மாணவருள் வழக்கறிஞராயினார், குழுவினர் கையெழுத்திடும் தாளை முன்னரே படித்துப் பொருள்கூறுக. வங்கியில் இருப்பார் கணக்குத் திறக்கத் துணைசெய்க. வெளியீட்டுத் தொழிலில் இருப்பார் உறையிலே நான்கு வரி கூட்டி அச்சிடுக. இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டா. எழுதுகோலும் அரைநாட்பொழுதும் போதும்.

பழைய ஆற்றுப்படையில் வழிகூறியவன் தானும் ஒரு பாணன். நாம் பாணரல்லேம், வில்லைத் தொட்டறியோம். ஆயினும் அவன் அறிந்திராத ஒன்றை அறிந்துள்ளோம். அது படிவம் நிரப்பும் வித்தை. அதனை இசைஞர்க்குப் பயன்படுத்துவதினும் தமிழ் கற்றதற்கு நல்ல பயன் வேறு யாது?

அன்று காலை அத்தேநீர்க்கடையில், குடம் அடிக்கும் முதியவர் பெயரையும், அவரோடிருந்த அனைவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டோம். அவர் தம் தந்தையார் பெயரையும் சேர்த்தே கூறினர். எழுத்து முடிந்ததும் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டனர். நாம் அனுப்பிய பதிவின் தலைப்பைத் திருத்தி அப்பெயர்களைச் சேர்த்து மீண்டும் அனுப்பினோம். இம்மலரில் அவற்றை அச்சிடவில்லை. அவை இருக்கவேண்டிய இடம் அந்த ஒலிநாடாவின் உறை. ஆண்டு அவை ஏறும்வரை நம் குறிப்பேடு அவற்றைக் காத்து நிற்கும்.